குசினி மேசையில் இரசாயனம்: திருகோணமலையில் 3,000 ரூபாவுக்குள், 14 நாளில் தொடங்குவது எப்படி

பத்தாம் ஆண்டு முதலாம் தவணையில் மகளுக்கு விஞ்ஞானத்தில் 31 புள்ளி. வினாத்தாளை வாங்கிப் பார்த்தேன். உயிரியல் கேள்விகளுக்கு ஏதோ எழுதியிருந்தாள். இரசாயன மாற்றம் என்ற பகுதி வெறுமையாக இருந்தது. "அது என்னத்தைப் பற்றிச் சொல்லுது எண்டே விளங்கேல்லை அம்மா" என்றாள்.

எனக்கும் விளங்கவில்லை. நான் சாதாரண தரத்தோடு விஞ்ஞானத்தைக் கைகழுவிவிட்டு வர்த்தகம் படித்தவள். அடுத்த மூன்று மாதம் ஒரு வகுப்புக்குக் காசு கட்டினேன். அங்கே சமன்பாடுகளைப் பலகையில் எழுதிப் பாடமாக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். பிறகு இணையத்தில் 6,500 ரூபாவுக்கு ஒரு பரிசோதனைப் பெட்டி ஓடர் பண்ணினேன். வந்தது நாலு பிளாஸ்டிக் குழாயும், யாருக்கும் வாசிக்கத் தெரியாத மொழியில் ஒரு கடதாசியும். கடைசியில் தாயும் மகளுமாகக் குசினி மேசையில் இருந்து படித்தோம். எங்களுக்குப் பிழைத்த இடங்களில் உங்களுக்கும் பிழைக்க வேண்டாம்.

1. கொப்பியும் புத்தகமும்

சாமான் வாங்க ஓடாதீர்கள். முதலில் புத்தகம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ் மொழிமூல விஞ்ஞானப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்தாம், பதினோராம் ஆண்டுப் புத்தகங்களை இறக்கி, இரசாயனம் வரும் அத்தியாயங்களை மட்டும் பிரின்ட் எடுங்கள். முழுப் புத்தகத்தையும் எடுத்தால் பிரின்ட் காசு வகுப்புக் காசைத் தொட்டுவிடும்.

இரண்டாவது, ஒரு சீ.ஆர். கொப்பி. இடது பக்கம் கண்ணால் கண்டது மட்டும்: நிறம் மாறியதா, குமிழி வந்ததா, போத்தல் சுட்டதா குளிர்ந்ததா, மணம் வந்ததா, அடியில் ஏதாவது படிந்ததா, எத்தனை மணிக்கு. வலது பக்கம் அதன் பெயரும் சமன்பாடும். இடது பக்கம் நிரம்பாமல் வலது பக்கத்தில் ஒரு சொல்கூட எழுதக் கூடாது என்று மகளுக்குச் சட்டம் போட்டேன். வகுப்பில் நடந்தது இதற்கு நேர்மாறு.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு சொல் அட்டவணை போடுங்கள். இது இல்லாததால் எங்களுக்கு இரண்டு வாரம் வீணானது. யூடியூப்பில் தமிழில் தேடினால் வருவது பெரும்பாலும் தமிழ்நாட்டுக் காணொளிகள். நல்ல விளக்கம்தான், ஆனால் சொற்கள் வேறு. அவர்களின் வேதியியல் நமக்கு இரசாயனவியல். அவர்களின் வினை நமக்குத் தாக்கம், வினைபடுபொருள் தாக்கி, விளைபொருள் விளைவு. ஆக்சிஜன் இங்கே ஒட்சிசன், கார்பன் டை ஆக்சைடு இங்கே காபனீரொட்சைட்டு, சமையல் சோடா இங்கே அப்பச்சோடா. மகள் வினையும் தாக்கமும் இரண்டு வெவ்வேறு சங்கதிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பரீட்சையில் நம் புத்தகச் சொல்லையே எழுத வேண்டும்.

2. சாமான் பட்டியலும் செலவும்

நான் வாங்கியபோது கொடுத்த விலை இது. நீங்கள் வாங்கும்போது கூடிக் குறையலாம்.

- வெள்ளை வினாகிரி, பெரிய போத்தல்: 320 ரூபா
- அப்பச்சோடா 100 கிராம்: 130
- வெற்றிலைச் சுண்ணாம்பு: 30
- கம்பி ஆணி, மண்தாள்: 150
- பலூன் ஒரு பக்கற்: 100
- பற்றறித் தண்ணீர் ஒரு போத்தல்: 180
- ஒரு கிராம் காட்டும் சமையலறைத் தராசு: 1,750

மொத்தம் 2,660 ரூபா. மஞ்சள், தேசிக்காய், உப்பு, தேங்காயெண்ணெய் வீட்டிலேயே இருக்கும். செவ்வரத்தை இல்லாத வளவு திருமலையில் குறைவு. கண்ணாடிப் போத்தல்களுக்குப் பழைய ஜாம் போத்தல் போதும்.

இந்தப் பட்டியலில் இரண்டு பொறிகள் உண்டு. பற்றறித் தண்ணீர் என்பது காய்ச்சி வடித்த நீர். அதே தட்டில் அதே அளவுப் போத்தலில் பற்றறி அசிட்டும் இருக்கும். அது சல்பூரிக்கமிலம், தோலைச் சுட்டுவிடும். லேபலை வாசித்துவிட்டே கையில் எடுங்கள். மற்றது ஆணி. கூரைத் தகரத்துக்கு அடிக்கும் ஆணிக்கு நாகம் (சிங்க்) பூசியிருப்பார்கள், அது இலகுவில் துருப்பிடிக்காது. நாங்கள் முதலில் அதைத்தான் வாங்கி வந்து, நாலு போத்தலில் போட்டு, ஐந்து நாள் காவல் இருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. பலகைக்கு அடிக்கும் சாதாரண ஆணி என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், கல்சியம் காபனேற்றுக்காகக் கடற்கரையில் முருகைக்கல் பொறுக்கப் போகாதீர்கள். புறாமலை தேசியப் பூங்கா, அங்கிருந்து எதையும் எடுத்து வரக்கூடாது. முட்டைக்கோதும் அதே கல்சியம் காபனேற்றுதான்.

3. செய்யக் கூடாதவை

மலசலகூடம் கழுவும் அமிலத்தையும், கிணற்றுக்குப் போடும் குளோரின் தூள் அல்லது துணி வெளுக்கும் திரவத்தையும் ஒரே வாளியில் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு வரும், நுரையீரலைப் பழுதாக்கும். அந்தக் குளோரின் தூளையோ வெளுக்கும் திரவத்தையோ வினாகிரியோடு சேர்த்தாலும் அதே கதைதான். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் தேய்க்காமல், ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். நீறாத சுண்ணாம்புக் கட்டி கிடைத்தாலும் வேண்டாம், தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். மக்னீசியம் நாடா, ஐதரோகுளோரிக்கமிலம் எல்லாம் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில், ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது செய்ய வேண்டியவை.

ஒவ்வொரு போத்தலிலும் பெயர், திகதி, "குடிக்கக் கூடாது" என்று எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் சுண்ணாம்பு நீரைத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி மேசையில் வைத்துவிட்டேன். வேலையால் வந்த மனுசன் மூடியைத் திறந்து வாய்க்குக் கிட்டக் கொண்டுபோன பிறகுதான் கண்டேன்.

4. மெதுவானதை முதல் நாளே தொடங்குங்கள்

புத்தக ஒழுங்கில் ஒவ்வொன்றாகச் செய்தால் ஒன்றரை மாதம் இழுக்கும். ஆணி, முட்டை, செப்பு மூன்றும் நாட்கணக்கில் எடுப்பவை. அவற்றை முதல் நாள் பின்னேரமே வைத்துவிடுங்கள். மற்றவை எல்லாம் ஒரு மணித்தியால வேலை, இடையில் செய்து முடிக்கலாம்.

ஆணி: எட்டு ஆணியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மண்தாளால் உரசி, துடைத்துக் காயவையுங்கள். நாலு போத்தலில் இரண்டிரண்டாகப் போடுங்கள். முதலாவதில், சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் மட்டும், மூடி இறுக்கம். இரண்டாவதில், பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், மேலே ஒரு விரல் உயரத்துக்குத் தேங்காயெண்ணெய். மூன்றாவதில் குழாய்த் தண்ணீர், நாலாவதில் கடல் தண்ணீர், இரண்டும் மூடாமல். டச்சுக்குடாவில் ஒரு போத்தல் அள்ளி வந்தால் போதும்.

முட்டை: பச்சை முட்டை ஒன்றை வினாகிரியில் மூழ்க வையுங்கள். உடனே குமிழி வரும். அடுத்த நாள் வினாகிரியை மாற்றினால் இரண்டாம் நாள் முடிவில் கோது முழுக்கக் கரைந்து தோல் மட்டும் மிஞ்சும்.

செப்பு: பழைய வயருக்குள் இருக்கும் கறுத்த செப்புக் கம்பித் துண்டுகளை அரைக் கிளாஸ் வினாகிரியில், ஒரு தேக்கரண்டி உப்போடு, மூடாமல் வையுங்கள். வயரை எரித்துச் செப்பு எடுக்காதீர்கள், அந்தப் புகை நஞ்சு. பிளேட்டால் உரித்தால் போதும்.

5. பௌதிகமா இரசாயனமா

இதில்தான் பிள்ளைகள் கூடுதலாகப் புள்ளி இழக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் கரைந்து காணாமல் போனால் அது இரசாயன மாற்றம் என்று நானும் நினைத்தேன். ஒரு லீற்றர் கடல் தண்ணீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால் ஏறக்குறைய 35 கிராம் உப்புத் திரும்பி வரும். உப்பளத்தில் நடப்பதும் அதுதான். உப்பு உப்பாகவே இருந்தது, புதிதாக ஒரு பொருளும் உண்டாகவில்லை.

நமக்குக் கிட்ட இருக்கும் இன்னொரு உதாரணம் புல்மோட்டைக் கனிய மணல். கறுப்பு நிறம், பாரம், வலுவான காந்தம் இழுத்தால் வரும் குணம், இவை எல்லாம் அந்த மணலில் இருக்கும் இல்மனைற்று என்ற கனியத்தின் பௌதிக இயல்புகள். பார்த்தும் தூக்கியும் அறியலாம், மணல் மணலாகவே இருக்கும். அதே கறுப்பு மணலை அமிலத்தோடு தாக்கமுறச் செய்து வெள்ளைப் பெயின்றுக்குப் போடும் தைத்தானியம் ஈரொட்சைட்டை எடுக்கிறார்கள். அமிலத்தோடு அது என்ன செய்யும் என்பது இரசாயன இயல்பு. அதை அறிய வேண்டுமானால் அந்த மணலைச் செலவழித்தே ஆக வேண்டும். இந்த ஒரு வேறுபாடு மனதில் ஏறினால் மிச்சம் இலகு.

6. காட்டி: ஆராத்தித் தட்டு

அமிலமா காரமா என்பதை நிறம் மாறிக் காட்டும் பொருள்தான் காட்டி. கல்யாண வீட்டில் ஆராத்திக்கு மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்தால் தண்ணீர் சிவப்பது உங்களுக்குத் தெரியும். அதையே ஒரு சாசரில் செய்யுங்கள். அரைத் தேக்கரண்டி மஞ்சள், தண்ணீர், மிளகளவு சுண்ணாம்பு. சிவந்ததும் தேசிக்காய்ப் பாதியைப் பிழியுங்கள், மறுபடி மஞ்சளாகும். திரும்பச் சுண்ணாம்பு, திரும்பச் சிவப்பு. மகள் இதை ஏழு தரம் செய்தாள். ஏழாம் தரம், "அப்ப சுண்ணாம்பை தேசிக்காய் முடிச்சுப்போடுது" என்றாள். தேசிக்காய் அமிலம், சுண்ணாம்பு காரம்; ஒன்றை ஒன்று முடிப்பதாக அவள் கண்டுபிடித்ததன் பெயர் நடுநிலையாக்கம்.

மஞ்சள் காரத்துக்கு மட்டுமே நிறம் மாறும். இரண்டு பக்கமும் காட்ட வேண்டுமானால் செவ்வரத்தை. பத்துப் பூவின் இதழைச் சுடுநீரில் கால் மணித்தியாலம் ஊறவிட்டு வடியுங்கள். வினாகிரியில் சிவக்கும், அப்பச்சோடாவிலும் சவர்க்காரத் தண்ணீரிலும் பச்சை பக்கம் போகும். அலுமினியச் சட்டியில் ஊறவைக்காதீர்கள், நிறம் கெடும். இரண்டு நாளுக்கு மேல் வைக்கவும் முடியாது, பழுதாகிவிடும்.

7. சுண்ணாம்பு நீர்

காபனீரொட்சைட்டு பட்டால் பால் போலக் கலங்கும் தெளிந்த நீர் இது, அந்த வாயுவைச் சோதிக்கத்தான் செய்கிறோம். இங்கேதான் நாங்கள் நாலு தரம் தோற்றோம். ஒரு தேக்கரண்டி வெற்றிலைச் சுண்ணாம்பை ஒரு லீற்றர் பற்றறித் தண்ணீரில் போட்டுக் குலுக்குங்கள். பெரும்பகுதி கரையாது. ஒரு லீற்றரில் இரண்டு கிராம்கூடக் கரையாது என்பதால் மிச்சம் அடியில் படிவது சரிதான். இன்னும் சுண்ணாம்பு போட்டுப் பிரயோசனமில்லை. சூடாக்கினால் கரையும் என்று அடுப்பில் வைக்காதீர்கள். சீனிக்கு நடப்பதற்கு மாறாக, சூட்டில் இது இன்னும் குறைவாகவே கரையும்.

இரவு முழுக்க ஆடாமல் வைத்து, காலையில் மேலிருக்கும் தெளிந்த நீரை மட்டும் மெதுவாக ஊற்றி எடுங்கள். முதல் தரம் துணியில் வடித்தேன், பால் போலக் கலங்கல் வந்தது. ஏற்கெனவே கலங்கிய நீரில் கலங்கலைச் சோதிக்க ஏலாது. இரண்டாம் தரம் தெளிவாக எடுத்து, கிளாசை மூடாமல் யன்னலடியில் வைத்துவிட்டேன். விடியப் பார்த்தால் மேலே ஆடை படிந்த மாதிரி ஒரு மெல்லிய தோல். கரண்டி நுனியால் தொட்டபோது ஐஸ் தகடு மாதிரி உடைந்தது. பழுதாகிவிட்டது என்று ஊற்றப் போனேன். மகள் மறித்து, ஒரு துண்டை எடுத்து வினாகிரியில் போட்டாள். குமிழி வந்தது, முட்டைக்கோதில் வந்த அதே குமிழி. காற்றில் இருக்கும் கொஞ்சக் காபனீரொட்சைட்டு ஓர் இரவில் செய்த வேலை அது. அதனால் மூடி இறுக்கமான போத்தலில் விளிம்புவரை நிரப்பி வையுங்கள்.

சோதனை சுலபம். ஒரு யக்கில் 100 மில்லிலீற்றர் வினாகிரியும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும். பொங்கி அடங்கியதும், திரவம் விழாமல் யக்கைச் சரித்து, அதற்குள் நிற்கும் வாயுவைச் சுண்ணாம்பு நீர்க் கிளாசுக்குள் ஊற்றுங்கள். ஆம், ஊற்றலாம், காபனீரொட்சைட்டு வளியைவிடப் பாரம். கிளாசை மூடி ஆட்டினால் பால் நிறமாகும். ஸ்ட்ரோவால் மூச்சு விட்டாலும் ஆகும், ஆனால் ஒருபோதும் உறிஞ்சக் கூடாது. நெடுநேரம் ஊதினால் கலங்கல் திரும்பத் தெளியும். அது பிழையல்ல, கரையக்கூடிய கல்சியம் இருகாபனேற்று உண்டாகிறது.

வலது பக்கத்தில் எழுத வேண்டியது (அப்பச்சோடா என்பது சோடியம் இருகாபனேற்று, வினாகிரியில் இருப்பது அசற்றிக்கமிலம், சுண்ணாம்பு நீரில் இருப்பது கல்சியம் ஐதரொட்சைட்டு):

சோடியம் இருகாபனேற்று + அசற்றிக்கமிலம் → சோடியம் அசற்றேற்று + நீர் + காபனீரொட்சைட்டு

கல்சியம் ஐதரொட்சைட்டு + காபனீரொட்சைட்டு → கல்சியம் காபனேற்று + நீர்

யக்கைத் தொட்டுப் பார்த்தீர்களா? குளிர்ந்திருக்கும். சூழலில் இருந்து வெப்பத்தை உறிஞ்சியதால் இது அகவெப்பத் தாக்கம். இடது பக்கத்தில் எழுத மறக்கும் முதலாவது விசயம் இதுதான்.

8. திணிவு

தாக்கத்துக்கு முன்னும் பின்னும் திணிவு மாறாது என்று புத்தகம் சொல்லும். திறந்த போத்தலில் 5 கிராம் அப்பச்சோடாவை 100 மில்லிலீற்றர் வினாகிரியில் போட்டோம். தராசு 2 கிராம் குறைத்துக் காட்டியது. வாயு போய்விட்டது, சரி. வாயு தப்பாமல் போத்தல் வாயில் பலூன் மாட்டிச் செய்தோம். அப்போதும் 1 கிராம் குறைவு. தராசைக் கொண்டுபோய்க் கடைக்காரரோடு சண்டை பிடிக்காத குறை.

பிழை தராசில் இல்லை. பலூன் ஊதும்போது தன் அளவுக்கு வளியைத் தள்ளி விலக்குகிறது. ஒரு லீற்றர் வளியின் திணிவு ஏறக்குறைய 1.2 கிராம். கடலில் இறங்கினால் உடம்பு பாரம் குறைந்த மாதிரி இருக்குமே, அதேபோல வளி பலூனைத் தூக்குகிறது. பலூனை விடுங்கள். ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் சோடாப் போத்தலில் 50 மில்லிலீற்றர் வினாகிரி, டிஷூவில் சுற்றிய கால் தேக்கரண்டி அப்பச்சோடா. மூடியையும் பொட்டலத்தையும் பக்கத்தில் வைத்து எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்து, பிறகு உள்ளே போட்டு உடனே இறுக்கி மூடி, திரும்ப நிறுங்கள். ஒரு கிராமும் மாறாது. அளவைக் கூட்டாதீர்கள், கண்ணாடிப் போத்தல் அறவே வேண்டாம்.

9. ஆணிகளுக்குத் திரும்புதல்

எங்கள் வீட்டில் கடல் தண்ணீர் ஆணி அடுத்த நாளே கபில நிறமானது, குழாய்த் தண்ணீர் ஆணி இரண்டாம் நாள். பத்தாம் நாளும் சிலிக்கா ஜெல் போத்தலிலும் எண்ணெய்ப் போத்தலிலும் ஆணி அப்படியே இருந்தது. முதலாவதில் நீர் இல்லை, இரண்டாவதில் ஒட்சிசன் இல்லை. துருவுக்கு இரண்டும் வேண்டும். உப்பு துருவின் பகுதியல்ல; தண்ணீரில் மின் இலகுவாகக் கடக்க உதவி, வேலையை விரைவாக்குகிறது. கடற்கரைப் பக்கம் வீடு கட்டியவர்களுக்கு யன்னல் கிரில்லைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

10. செப்பு

மூன்றாம் நாளளவில் அந்த வினாகிரி இலேசான நீலப்பச்சையாகும். கம்பியை எடுத்துவிட்டு, உரசிய ஆணி ஒன்றைப் பாதி மூழ்க வையுங்கள். அரை மணித்தியாலத்தில் மூழ்கிய பாதியில் செப்பு நிறம் படியும். தாக்கவீதத் தொடரில், அதாவது கூடுதலாகத் தாக்கமுறும் உலோகம் மேலே வரும்படி அடுக்கிய பட்டியலில், இரும்பு செப்புக்கு மேலே இருப்பதால், இரும்பு கரைசலுக்குள் போய்ச் செப்பை வெளியே தள்ளுகிறது. ஒற்றை இடப்பெயர்ச்சித் தாக்கம். அந்தத் தொடரின் அடியில் பொன் இருக்கிறது. தாலிக்கொடியோடு எத்தனை வருசம் கடல் குளித்தாலும் அது துருப்பிடிக்காத காரணம் அங்கே இருக்கிறது.

அந்த நீலத் தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள், செப்பு உப்பு நஞ்சு. மிஞ்சிய ஆணிகள் எல்லாவற்றையும் அதற்குள் போட்டு இரண்டு நாள் விடுங்கள். நீலம் போய் மங்கிய மஞ்சளாக மாறும், செப்பு அடியில் செந்தூளாகக் கிடக்கும். தூளைக் கடதாசியில் வடித்துக் குப்பையில் போடுங்கள். தண்ணீரை ஒரு வாளி தண்ணீரோடு கலந்து, கிணற்றுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் தள்ளி ஊற்றுங்கள்.